மின்சார சபைக் கரண்டில் குளிர்கிறது, மின்பிறப்பாக்கியில் இரைகிறது: பாக்கேஜ் ஏசி வயரிங் பற்றிய உதவி

கேள்வி (மண்டபப் பொறுப்பாளர், பதுளை)

வணக்கம். பதுளையில் ஒரு கலியாண மண்டபத்தின் பராமரிப்பு என் பொறுப்பில் உள்ளது. பதுளைக்குக் குளிரூட்டி எதற்கு என்று நுவரெலியாக்காரர்கள் சிரிக்கக்கூடும். சித்திரை முகூர்த்தத்தில் முந்நூறு பேரும் ஓமப் புகையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது வந்து பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும். நான்கு மாதங்களுக்கு முன் மண்டபத்தின் பின்புறம் 7.5 தொன் குளிரூட்டும் திறனுள்ள பாக்கேஜ் ஏசி (எல்லாப் பாகங்களும் ஒரே பெட்டியில் உள்ள வகை) ஒன்றைப் பொருத்தினோம். அதன் பெயர்த்தகட்டில் 400 வோல்ட், 3 பேஸ், 50 ஹேர்ட்ஸ், ஓடும் மின்னோட்டம் 16 அம்பியர், வயர் தெரிவுக்கான குறைந்தபட்ச மின்னோட்டம் 19 அம்பியர், பிரேக்கர் அதிகபட்சம் 25 அம்பியர் என்று உள்ளது. விநியோகப் பலகையிலிருந்து யூனிட் வரை 45 மீற்றர் தூரத்துக்கு, 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் சுவரோரம் கிளிப் போட்டு இழுக்கப்பட்டிருக்கிறது. எர்த் தனியாகப் போகிறது.

சபையின் கரண்டில் யூனிட் நன்றாக வேலை செய்கிறது. கரண்ட் நின்று, 2022ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய 40 கேவிஏ மின்பிறப்பாக்கிக்கு மாற்றினால் மட்டும், கொம்பிரசர் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல இரைகிறது. வெறும் காற்றுத்தான் வருகிறது. சில நிமிடங்களில் கொம்பிரசர் நின்று, வெகுநேரம் கழித்து மீண்டும் இரையத் தொடங்குகிறது. வயர் மெல்லியது, முழுவதையும் மாற்ற வேண்டும் என்று எங்கள் மின்னியலாளர் சொல்கிறார். செப்பு விற்கும் விலையில் அவ்வளவு செலவு செய்யுமுன் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். நிகழ்ச்சி இல்லாத நாட்களில் வெளியே உள்ள ஐசொலேட்டரை (யூனிட்டுக்கு வரும் கரண்டை முழுவதும் துண்டிக்கும் சுவிட்சை) நிறுத்தியே வைத்திருக்கிறோம் என்பதையும் குறிப்பிட்டுவிடுகிறேன்.

பதில் (வயரிங் வேலை செய்பவர், ஹாலிஎல)

உங்கள் மின்னியலாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 45 மீற்றருக்கு 4 போதாது. 10 சதுர மில்லிமீற்றர் போடுங்கள். மின்பிறப்பாக்கியின் வோல்டேஜ் ஏற்கெனவே சற்றுத் தளர்வாக இருக்கும், வயரிலும் இழந்தால் மோட்டார் திணறும்.

பதில் (குளிரூட்டித் திருத்துநர், கண்டி)

வயரை வாங்குமுன் கணக்குப் பார்த்துவிடுவோம். 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில், 3 பேஸில், ஓர் அம்பியருக்கு ஒரு மீற்றருக்கு 9.5 மில்லிவோல்ட் வீழ்ச்சி என்பது பிரித்தானிய வயரிங் விதி அட்டவணையில் உள்ள அளவு. 16 அம்பியர், 45 மீற்றர் என்றால் ஏறத்தாழ 7 வோல்ட். 400 வோல்ட்டில் இது 2 சதவீதம்கூட இல்லை, 5 சதவீதம் வரை போகலாம். தொடங்கும் கணத்தில் 100 அம்பியர் இழுத்தாலும் 43 வோல்ட்தான் விழும், அதுவும் கண்சிமிட்டும் நேரத்துக்கு. அதைவிட முக்கியமாக, சபையின் கரண்டும் மின்பிறப்பாக்கியின் கரண்டும் அதே வயரில்தான் வருகின்றன. குற்றம் வயருடையதென்றால் இரண்டிலும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று விடயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். கிளாம்ப் மீற்றரை (வயரைக் கவ்விப் பிடித்து அம்பியர் அளக்கும் கருவியை) வைத்தால் இரண்டிலும் எத்தனை அம்பியர் காட்டுகிறது? மண்டபத்துக்குள் வரும் காற்றின் வேகம் இரண்டிலும் ஒன்றா? கொம்பிரசர் ஸ்க்ரோல் வகையா (இரண்டு சுருள்களுக்கு இடையே வாயுவை அழுத்துவது), பழைய பிஸ்டன் வகையா?

கேள்வி கேட்டவர்

நேற்று மின்னியலாளரை வைத்துப் பார்த்தேன், ஐயா. சபையின் கரண்டில் மூன்று பேஸிலும் 15 அம்பியர் சுற்றில் காட்டியது. மின்பிறப்பாக்கியில் வோல்டேஜ் 395 இருந்தும் 8 அம்பியர்தான் காட்டியது. காற்றும் பாதியாகக் குறைகிறது. வெளிப்புற விசிறிகள் இரண்டும் எப்போதும்போலவே சுழல்கின்றன. கொம்பிரசர் ஸ்க்ரோல் வகை.

பதில் (குளிரூட்டித் திருத்துநர், கண்டி)

அப்படியென்றால் மின்பிறப்பாக்கியில் பேஸ் வரிசை, அதாவது மூன்று பேஸ்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஒழுங்கு, மாறியிருக்கிறது. 3 பேஸ் மோட்டார் எந்தப் பக்கம் சுழலும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. திணறும் மோட்டார் அதிக கரண்டை இழுக்குமே தவிரக் குறைவாக இழுக்காது. ஸ்க்ரோல் கொம்பிரசர் தலைகீழாகச் சுழன்றால் வாயுவை அழுத்தாது; சுமை இல்லாததால் அம்பியர் குறையும், உள்ளே சுருள்கள் இரையும், குளிர்வாயு ஓடாமல் சூடேறியதும் உள்ளிருக்கும் பாதுகாப்பு அதை நிறுத்திவிடும், ஆறியதும் மீண்டும் விடும். உள்ளே காற்றை ஊதும் மோட்டாரும் 3 பேஸ் என்பதால் அதுவும் தலைகீழாகவே ஓடுகிறது. அந்த வகை ஊதி எந்தப் பக்கம் சுழன்றாலும் காற்றை முன்னேதான் தள்ளும், அளவுதான் குறையும். உங்கள் வெளிவிசிறிகள் ஒற்றைப் பேஸ் போலிருக்கிறது. அவற்றுக்கும் மண்டபத்து விளக்குகளுக்கும் வரிசை ஒரு பொருட்டல்ல. அதனால்தான் இத்தனை நாள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பழைய பிஸ்டன் கொம்பிரசர்களோடு பழகியவர்கள் இதைத் தவறவிடுவது இயல்பு, அவை பெரும்பாலும் எந்தத் திசையிலும் அழுத்தும்.

பதில் (வயரிங் வேலை செய்பவர், ஹாலிஎல)

கணக்கை ஒப்புக்கொள்கிறேன், அண்ணன். அப்படியானால் வேலை சுலபம். யூனிட்டின் உள்ளே வரும் மூன்றில் ஏதாவது இரண்டு வயர்களை இடம் மாற்றினால் போதும்.

பதில் (தேயிலைத் தொழிற்சாலை மின்னியலாளர், ஹட்டன்)

தம்பி, அதை மட்டும் செய்ய வேண்டாம். யூனிட்டில் மாற்றினால் மின்பிறப்பாக்கியில் நேராகும், சபையின் கரண்டில் தலைகீழாகும். நோய் இடம் மாறுமே தவிரப் போகாது. இரண்டு மூலங்களும் சந்திக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்சில், மின்பிறப்பாக்கியிலிருந்து வரும் பக்கத்தில்தான் மாற்ற வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டி விசிறிகள் ஒருமுறை இப்படித்தான், மின்பிறப்பாக்கியில் ஓடும்போது கொழுந்தின் ஊடாகக் காற்றை ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சின. இரவு வேலையில் இருந்தவர் கவனித்ததால் அன்றைய கொழுந்து தப்பியது.

செய்யும்போது மின்பிறப்பாக்கியை நிறுத்தி, அதன் பற்றரி வயரையும் கழற்றிவிடுங்கள். தானாகத் தொடங்கும் வகையானால் இது இன்னும் அவசியம். சபையின் மெயின் சுவிட்சையும் நிறுத்துங்கள், ஏனெனில் அதே பெட்டிக்குள் அந்த முனைகளும் உயிரோடு இருக்கும். பேஸ் வரிசை காட்டும் மீற்றரை சுவிட்சின் வெளிச்செல்லும் முனைகளில் வைத்து, முதலில் சபையின் கரண்டிலும் பிறகு மின்பிறப்பாக்கியிலும் பாருங்கள். அம்புக்குறி இரண்டிலும் ஒரே பக்கம் காட்ட வேண்டும்.

நிறத்தை நம்ப வேண்டாம். பழைய முறையில் சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸ்கள், கறுப்பு நியூட்ரல். புதிய முறையில் பழுப்பு, கறுப்பு, சாம்பல் பேஸ்கள், நீலம் நியூட்ரல். ஒரே பெட்டியில் இரண்டும் கலந்திருந்தால் பழைய நீலமும் புதிய நீலமும் ஒன்றென்று எண்ணி ஒருவர் பேஸை நியூட்ரலில் மாட்டிவிட்டால், மண்டபத்து விளக்குகள் 230க்குப் பதிலாக 400 வோல்ட்டைப் பார்க்கும். தெரிந்த மின்னியலாளர் ஒருவரே கைவைக்கட்டும்.

பதில் (குளிரூட்டித் திருத்துநர், கண்டி)

ஹட்டன் ஐயா சொல்வதே சரி. அதோடு யூனிட்டின் கட்டுப்பாட்டுச் சுற்றில் ஒரு பேஸ் வரிசை ரிலே போடுங்கள். வரிசை மாறினாலும், மழைக்காலத்தில் லைனில் மரம் விழுந்து ஒரு பேஸ் போனாலும், அது கொம்பிரசரை ஓடவிடாது. ஒரு பேஸ் இல்லாமல் ஓடும் மோட்டார் எரிய அதிக நேரம் எடுக்காது.

ஐசொலேட்டரை நிறுத்தி வைப்பதாக எழுதியிருந்தீர்கள். உண்மையில் அதுதான் எனக்கு அதிகக் கவலை. கொம்பிரசரின் அடியில் எண்ணெயைச் சூடாக வைக்கும் ஹீற்றர் ஒன்று இருந்தால், ஐசொலேட்டரை நிறுத்தும்போது அதுவும் நின்றுவிடும். நம் ஊர்க் குளிர் இரவுகளில் குளிர்வாயு திரவமாகிக் கொம்பிரசர் எண்ணெயில் போய்ச் சேரும். கலியாணக் காலையில் திடீரென்று போட்டால் எண்ணெய் நுரைத்து, தாங்கிகள் எண்ணெயின்றி உராயும். தெர்மொஸ்டாட்டில் மட்டும் நிறுத்துங்கள். ஐசொலேட்டரை நிறுத்தியே ஆகவேண்டி வந்தால், ஓட்டுவதற்குக் குறைந்தது 12 மணித்தியாலங்களுக்கு முன் போட்டுவிடுங்கள். சில தயாரிப்பாளர்கள் 24 கேட்கிறார்கள், கையேட்டைப் பாருங்கள். ஹீற்றர் 70 வாட் என்றால் ஒரு நாளைக்கு 2 யூனிட் மின்சாரம்கூடச் செலவாகாது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மீற்றரை வைத்தபோது அம்புக்குறி இரண்டிலும் எதிரெதிராகவே காட்டியது. மின்பிறப்பாக்கியிலிருந்து வரும் வயர் பழைய நிறங்கள், சுவிட்சிலிருந்து போவது புதிய நிறங்கள். மஞ்சளும் நீலமும் இடம் மாறி மாட்டப்பட்டிருந்தன. மாற்றிய பின் மின்பிறப்பாக்கியிலும் 15 அம்பியர் காட்டுகிறது, இரைச்சல் இல்லை, அரை மணித்தியாலத்தில் மண்டபம் குளிர்ந்துவிட்டது. ரிலே கொழும்பிலிருந்து வர வேண்டும். ஐசொலேட்டரில் "நிறுத்த வேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். மின்கட்டணத்தைக் காட்டி முதலாளி அதை மறுநாளே கிழிக்கப் பார்த்தார், 2 யூனிட் கணக்கைச் சொன்ன பிறகு விட்டுவிட்டார்.