மாரிக்குக் கரையேத்தின போட்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ

திருக்கடலூரான்

2020 மார்கழி, புரெவிப் புயல் வாற கிழமை. அப்பா கண் ஒப்பரேசனுக்குக் கொழும்புக்குப் போய், கொரோனாவால திரும்பி வர ஏலாமல் அங்கயே நிண்டிட்டார். போட்டைக் கரையேத்தினது நானும் மச்சானும். 18 அடி பைபர். அடியில மூண்டு தென்னங்குத்தி, எஞ்சின் வீட்டுக்குள்ள, மேல தறப்பாள், பனையில ரெண்டு கயிறு. எல்லாம் சரி. உள்ள நிக்கிற தண்ணி வடியிற ஓட்டையை அடைக்கிற தக்கை மட்டும் உப்புப் பிடிச்சு இறுகிப் போய்க் கழரேல்ல. குறடு எடுக்க வீட்டை போகோணும், மழையும் தூறத் தொடங்கீட்டுது. தறப்பாள் கிடக்குத்தானே எண்டு விட்டிட்டன்.

இரவு அப்பா கோல் எடுத்தார். சுகம் விசாரிக்கேல்ல, புயல் எங்க நிக்குது எண்டும் கேக்கேல்ல.

"தக்கை கழட்டினியா?"

"ஓமப்பா."

2ஆந் திகதி இரவு புயல் குச்சவெளிப் பக்கத்தால ஏறிப் போச்சு. நாங்கள் பயந்த அளவுக்குக் காத்து இல்லை. காலமை போய்ப் பாக்க, கயிறு ரெண்டும் இறுக்கமா நிக்குது, போட் இடத்தை விட்டு அசையேல்ல. தறப்பாள் நடுவில தொய்ஞ்சு கிழிஞ்சு, உள்ளுக்கு நிறையத் தண்ணி. அப்பா தண்ணி இறைக்கிற வெட்டின கலன் அதில மிதக்குது. நடுக் குத்தி முட்டின இடத்தில அடி உள்ளுக்குத் தள்ளி, ஒரு முழத்துக்கு வெடிப்பு. அதால தண்ணி ஒழுகிக்கொண்டிருந்தது. நான் கழட்டாத தக்கையின்ர வேலையை வெடிப்புச் செய்துகொண்டிருந்தது.

அப்பா தையில வந்தார். பைபர் ஒட்டின இடத்தைக் கையால தடவிப் பாத்தார். "நல்லா ஒட்டியிருக்கிறாங்கள்" எண்டார். ஏசியிருந்தா நான் இதை இஞ்ச எழுதியிருக்க மாட்டன்.

கிண்ணியா கடற்காத்து

தம்பி, தறப்பாள்தான் பிழை. போட்டக் கவுத்து வெச்சா தக்கையும் தேவல்ல, தறப்பாளும் தேவல்ல. எங்கட வாப்பா எந்நாளும் கவுத்துத்தான் வைப்பாரு.

ஆனா 2011 ஜனவரி வெள்ளம் ஞாபகம் இருக்கா? கரையில வெச்சாக் களவு போகும் எண்டு நான்தான் வளவுக்குள்ள கொண்டு வந்து கவுத்தேன். வளவுக்குள்ள என்னத்துக்குக் கயிறு எண்டு கட்டல்ல. ராவு ரெண்டு மணி இருக்கும், கரண்டும் இல்ல, யாரோ சுவர்ல தட்டுற சத்தம். டொக்... டொக்... உம்மா, "யாரும் வெள்ளத்துல மாட்டி வந்திருக்காங்க, கதவத் தெற" எண்டு சத்தம் போடுறா. கதவத் தெறந்தா முழங்கால் மட்டும் தண்ணி உள்ள பாயுது. டோர்ச் அடிச்சிப் பார்த்தா ஆளும் இல்ல பேரும் இல்ல. கவுத்த போட் காத்தப் புடிச்சி வெச்சிக்கிட்டு மிதந்து வந்து ஜன்னலுக்குக் கீழ இடிச்சிக்கிட்டு நிக்கிது.

இப்பவும் மழை ராவுல யாரும் கதவு தட்டினா உம்மா முதல்ல என்னத்தான் பார்ப்பா.

எஞ்சின் பாஸ்

ரெண்டு பேரும் போட்டைப் பற்றியே கதைக்கிறியள், எஞ்சினை ஆர் பாக்கிறது? போன மாசியில ஒரு பொடியன் 15 எச்.பி. ஒண்டு கொண்டு வந்தான். மாரி முழுக்கக் கொட்டிலுக்குள்ள படுக்கப் போட்டிருந்தது. ஸ்டார்டர் கயிறு அசையேல்ல. பிளக்கைக் கழட்டினன், உள்ளுக்குத் துரு. பொடியன்ர முகத்தை இப்பவும் மறக்கேல்ல. அவ்வளவுதான் என்ர கதை.

ஒருத்தரும் கேக்கேல்ல எண்டாலும் சொல்லுறன். எஞ்சினை வீட்டுக்குள்ள வைச்சா மட்டும் காணாது. கரையேத்தின அண்டைக்கே பரலில நல்ல தண்ணி விட்டு அதுக்குள்ள எஞ்சினைப் பூட்டி ஓட விடுங்கோ. கடல் தண்ணியாலதான் அது குளிருது, உள்ள நிக்கிற தண்ணி காய்ஞ்சா உப்பு வழியை அடைச்சிடும். மண்ணெண்ணெய் எஞ்சின் எண்டால் கடைசி ஓட்டத்தைப் பெற்றோலில முடிக்கோணும். பிறகு பெற்றோல் குழாயைக் கழட்டிவிட்டு, காபரேற்றர் வத்தித் தானா நிக்கும் மட்டும் விடுங்கோ. பிளக்கைக் கழட்டி ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் ஊத்தி, கயித்தை மெல்ல மூண்டு நாலு தரம் இழுங்கோ. கீழ்ப்பெட்டி கியர் ஒயிலை மாத்துங்கோ. வாற ஒயில் பால்தேத்தண்ணி மாதிரி இருந்தா சீல் பழுதாப் போச்சு, தண்ணி உள்ள போயிருக்கு. அதுக்குப் பிறகு நிமித்தி வையுங்கோ. படுக்கப் போட்டா மிச்சத் தண்ணி சிலிண்டருக்குப் போகும்.

திருக்கடலூரான் தம்பி, தறப்பாள் பிழை எண்டு கிண்ணியாத் தம்பி சொல்லுறது சரியில்லை. தறப்பாள் தொய்யாமல் நடுவில முகட்டுக்குக் கம்பு வைக்காததுதான் பிழை. ஒரு சதுர மீட்டரில ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தா ஒரு லீட்டர். உங்கட போட் வாய் 6 சதுர மீட்டர் எண்டு வைப்பம். மாரியில 100 மில்லிமீட்டர் ஒரு இரவில பெய்யிறது புதினமே? 600 கிலோ. அதை ஒரு குத்தி தாங்கினா அடி வெடிக்காமல் என்ன செய்யும்? குத்திக்கு மேல பழைய ரயர் போட்டுப் பாரத்தைப் பரவ விடோணும்.

முன்னாள் உப்புவெளி, இந்நாள் ஒன்ராறியோ

மழைக்கே இந்தப் பாடா! நான் இஞ்ச சிம்கோ ஏரியில ஓட 14 அடி அலுமினியம் போட் ஒண்டு வாங்கினன். முதல் ஐப்பசி. பக்கத்து வீட்டுக் கிழவர் தன்ர போட் எஞ்சினுக்குள்ள தண்ணி உறையாமல் காக்கிற ரோஸ் நிற அன்ரிபிரீஸ் ஊத்திக்கொண்டு நிண்டவர், வேலிக்கு மேலால எட்டி, "கியர் ஒயில் மாத்தினியோ?" எண்டு கேட்டார். எனக்குச் சிரிப்பு. கடலுக்குள்ள பிறந்து வளந்தவனுக்கு ஏரிக்காரர் போட் பழக்கிறார் எண்டு மனுசிக்கும் சொல்லிச் சிரிச்சனான்.

எங்கட ஊர்ப் பழக்கம்தானே, தக்கையைக் கழட்டி, தறப்பாள் போட்டு, எஞ்சினைப் பின்னால பூட்டினபடி தூக்கி மடக்கி விட்டிட்டன். சீல் எப்பவோ போயிருக்கு, எனக்குத் தெரியாது. தண்ணி உறையேக்க நூற்றுக்கு 9 பங்களவில பருமன் கூடும். இரும்போ அலுமினியமோ அதுக்கு ஒண்டுதான். சித்திரையில பனி உருக, கியர்ப் பெட்டி ஓரமா நகத்தால கீறின மாதிரி ஒரு கோடு. கீழ வெள்ளைப் பனியில கபில நிறச் சொட்டு. பாட்டரியும் வெளியிலதான். சார்ஜ் நிறைஞ்ச பாட்டரி இந்தக் குளிருக்கு உறையாது, இறங்கின பாட்டரி உறையும். என்ரது வயிறு வீங்கி நிண்டது.

கிழவர் வந்து குந்திப் பாத்தார். ஒண்டும் சொல்லேல்ல. போய்த் தன்ர கியர் ஒயில் போத்தலைக் கொண்டு வந்து தந்தார். பாஸ் அண்ணை, உங்கட பால்தேத்தண்ணிக் கதையை நான் ஒரு வருசம் முந்தி வாசிச்சிருக்கோணும்.

கிண்ணியா கடற்காத்து

பாஸ், முகட்டுக் கம்பு காத்துக்கு நிக்குமா? எங்கட பக்கம் கம்பும் தறப்பாளும் சேந்து பறக்கும். கவுக்கிறதுதான் சரி. நான் கயிறு கட்டாததுதான் பிழை, கவுத்தது பிழை இல்ல.

எஞ்சின் பாஸ்

18 அடியை மாரி மாரியாக் கவுக்க எத்தனை பேர் வேணும்? நாலு பொடியள் நிண்டா உங்கட பேச்சு சரி. தனி ஆள் என்ன செய்யிறது?

நிலாவெளி மகள்

கயிற்றைப் பற்றிக் கதைக்கிறீர்கள். 2004 மார்கழியில் எங்கள் அப்பா போட்டைப் பனையோடு மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தார். ஒவ்வொரு மாரிக்கும் அந்தப் பனைதான். 26ஆந் திகதிக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது பனை நின்றது. கயிறும் நின்றது. முடிச்சு அவிழவில்லை. கயிற்று நுனியில் போட்டின் முன்மூக்குத் துண்டு, ஒரு கை நீளம், அதில் அவர் எழுதுவித்த என் பெயரின் முதல் இரண்டு எழுத்து. மற்றதெல்லாம் கடலுக்கு.

அப்பா அந்த முடிச்சை அவிழ்க்கவே விடவில்லை. வெட்டித்தான் எடுத்தோம்.

திருக்கடலூரான்

அக்கா, அந்த வருசம் எங்கடயும் போனது. எனக்கு அப்ப ஒன்பது வயசு.

பாஸ் அண்ணை, ரயர் போட்டிட்டன், கம்பும் வெட்டி வைச்சிருக்கிறன். ஒரு கேள்வி. தக்கையைக் கழட்டினா எங்க வைக்கிறியள்? போன மாசியில அதைத் தேடியே ஒரு விடியல் போச்சு. பூட்டாமல் இறக்கினா அது வேற கதை.

எஞ்சின் பாஸ்

ஸ்டார்டர் கயித்துப் பிடியில கட்டி விடு, தம்பி. தக்கையில கைபடாமல் எஞ்சினை இழுக்க ஏலாது.