ஸ்கைரிம் வீடியோ கேம்: மூணு பெர்க் பாயிண்ட் (பெர்க்னா சிறப்புத் திறமை) மிச்சம் இருக்கு. டேமேஜ்ல போடலாமா, வீணா?

காட்பாடி_கேடயம்:
வேலூர் செட்டுக்கு வணக்கம். எக்ஸ்பர்ட் டிஃபிகல்டி (கஷ்டமான நிலை). ஒன்-ஹேண்டட் (ஒரு கை ஆயுத) ஸ்கில் 40, ஸ்டீல் வாள், இடது கையில கேடயம். ஒரு கை ஆயுத அடியை ரேங்குக்கு 20 சதவீதம் கூட்டுற ஆர்ம்ஸ்மேன் பெர்க்ல முதல் ரேங்க் மட்டும் எடுத்திருக்கு. "20 சதவீதம்லாம் கண்ணுக்கே தெரியாது, பிளாக்ல (கேடயத் தடுப்புல) போடு"ன்னு ஒரு கட்சி. "அடிதான் முக்கியம்"னு இன்னொரு கட்சி. கணக்கோட யாராவது சொல்லுங்களேன். வாளுக்கு எப்பவாவது கூடுதல் அடி (கிரிட்டிக்கல்) தர்ற பிளேட்ஸ்மேன் பெர்க் எடுக்கலாமா?

சத்துவாச்சாரி_கால்குலேட்டர்:
சதவீதத்தைப் பார்க்காதீங்க, எத்தனை அடியில ஆள் விழுறான்னு பாருங்க.

ஸ்டீல் வாள் அடிப்படை 8. ஸ்கில் ஒவ்வொரு பாயிண்டுக்கும் அரை சதவீதம், அதனால 40க்கு 20 சதவீதம்: 9.6. முதல் ரேங்க் சேர்த்தா 11.52. எக்ஸ்பர்ட்ல நம்ம அடி முக்கால்தான் இறங்கும், ஆக 8.64. எதிராளிக்கு 100 ஹெல்த்னா (அவன் கவசக் கழிவைச் சேர்க்கல) 12 அடி. இரண்டாம் ரேங்க்ல 10 அடி. மூணாவதுல 9.

ரேங்க் ஏற ஏற லாபம் குறையுறதைக் கவனிங்க. முதல் ரேங்க் 20 சதவீதம் தரும். இரண்டாவது 1.2ல இருந்து 1.4, அதாவது இருக்கிற அடிக்கு மேல 16.7 சதவீதம்தான். ஐந்தாவதுல அது 11.1. அதுக்கு ஸ்கில் 80 வேற வேணும். இரண்டு, மூணுக்கு 20ம் 40ம் போதும், உங்களுக்கு ரெண்டுமே திறந்திருக்கும்.

இன்வென்டரியில (சாமான் பட்டியல்ல) வாளுக்குப் பக்கத்துல காட்டுற எண்ல ஸ்கில், பெர்க் எல்லாம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதை எடுத்து மறுபடி பெருக்கினா கணக்கு ஊதிப் போயிடும். டிஃபிகல்டி கழிவு மட்டும் அதுல இருக்காது.

பிளேட்ஸ்மேன் இப்ப வேணாம். கிரிட்டிக்கல்ல வாளோட அடிப்படை டேமேஜ்ல பாதிதான் கூடுதலா வரும், உங்களுக்கு 4. வாய்ப்பு 10 சதவீதம். சராசரியா அடிக்கு 0.4. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

கோட்டை_அகழி:
கணக்கு சரி தல. ஆனா பெருக்குறது எதைன்னு பாருங்க. ஆம்பூர் பிரியாணிக்குக் கத்தரிக்காய் எவ்ளோ நல்லா இருந்தாலும், அரிசி அரைப்படிதான்னா பந்தி நடக்காது. அந்த 8ஐ முதல்ல ஏத்துங்க.

ஸ்மிதிங்ல (கொல்லு வேலையில) ஸ்டீல் பெர்க் ஒண்ணு எடுங்க. ஸ்கில் எதுவும் கேட்காது, ஸ்டீல் சாமான்ல மெருகேத்துறது இரட்டிப்பாகும். சாணைக்கல்லுல ஒரு ஸ்டீல் கட்டி போதும் (ஒரு இரும்புத் தாது, ஒரு கொரண்டம் தாது உருக்கினா ஒரு கட்டி). அங்க ஏறுற டேமேஜ் அடிப்படையோட சேர்ந்துதான் பெருகும். சாணையில 2 ஏறிச்சுன்னு வைங்க. மூணாம் ரேங்க் ஆர்ம்ஸ்மேனோட அது 2 இல்ல, 3.84.

நிறைய பேர் மாட்டுற இடம்: மந்திரம் ஏத்தின வாளை மெருகேத்த ஆர்கேன் பிளாக்ஸ்மித் பெர்க் வேணும், அதுக்கு ஸ்மிதிங் 60. அதனால முதல்ல சாணை, அப்புறம் என்சான்ட்.

பிளாக் கட்சி சொல்றதையும் தள்ள முடியாது. எக்ஸ்பர்ட்ல அவன் அடி ஒன்றரை மடங்கு இறங்கும். நீங்க மூணே அடியில சாயுறீங்கன்னா, அவன் 12ல விழுந்தா இன்னா, 9ல விழுந்தா இன்னா? அப்படி நிலைமைன்னா பிளாக்ல ஷீல்ட் வால் பெர்க் ஒரு ரேங்க் முதல்ல.

காட்பாடி_கேடயம்:
தெளிவா இருக்கு. தம்பி தனியா ஒரு மந்திரவாதி ஆடுறான், அவனுக்கும் இதே கணக்கா?

கோட்டை_அகழி:
இல்ல. டிஸ்ட்ரக்ஷன் (தாக்குற மந்திரம்) ஸ்கில் ஏறினா மந்திரச் செலவு குறையும், டேமேஜ் ஏறாது. ஆக்மென்டட் ஃப்ளேம்ஸ் ரெண்டு ரேங்க்ல நெருப்பு மந்திர அடிக்கு 50 சதவீதம் தரும், நல்ல பெர்க்தான். ஆனா மேஜிக்கா (மந்திர சக்தி) தீர்ந்துட்டா அது பாலாறு மாதிரி, அகலம் இருக்கும், தண்ணி இருக்காது. முதல்ல செலவைப் பாதியாக்குற நாவிஸ், அப்ரென்டிஸ் பெர்க். அப்புறம் இம்பாக்ட். ஸ்கில் 40 வேணும், அதுக்கு முன்னால டூயல் காஸ்டிங் (ரெண்டு கையாலயும் ஒரே மந்திரம்) எடுத்திருக்கணும். எதிராளி தள்ளாடிக்கினே நிப்பான், கிட்ட வரவே விடாது. ஒரே இடைஞ்சல்: ரெண்டு கையாலயும் சேர்த்து விட்டா டேமேஜ் 2.2 மடங்கு, செலவு 2.8 மடங்கு.

குடியாத்தம்_டைஸ்:
வேற கேம்ல இந்தப் பதிலை அப்படியே தூக்கிட்டுப் போகாதீங்க. பால்டர்ஸ் கேட் 3ல கிரேட் வெப்பன் மாஸ்டர்ங்கிற ஃபீட் (பெர்க் மாதிரி), குறியில 5 குறைச்சு டேமேஜ்ல 10 கூட்டும். லெவல் 4, ஸ்ட்ரெங்த் 16, கிரேட்ஸ்வோர்ட், எதிராளி ஏசி (தற்காப்பு எண்) 15னா சராசரி அடி 6.0. அதே ஃபீட்டுக்குப் பதிலா ஸ்ட்ரெங்த் 18 ஆக்கினா 6.6. அட்வான்டேஜ் (ரெண்டு தடவை டைஸ் உருட்டிப் பெருசை எடுக்கிறது) கிடைச்சா ஃபீட்டுக்கு 10.2, ஸ்ட்ரெங்த்துக்கு 9.24, தலைகீழாயிடும். கிரிட்டிக்கல் சேர்க்காத கணக்கு. கூட்டாளி எவனாவது எதிரியைக் கீழ தள்ளித் தர்றான்னாதான் அந்த ஃபீட்.

காட்பாடி_கேடயம்:
அப்ப ஆர்ம்ஸ்மேன் ரெண்டு, ஸ்டீல் ஒண்ணு. பிளாக் அடுத்த லெவலுக்கு.

சத்துவாச்சாரி_கால்குலேட்டர்:
அதேதான். பின்னாடி மனசு மாறினா, டிராகன்பார்ன் டிஎல்சி (கூடுதல் பகுதி) கதையை முடிச்சதும் ஒரு ஸ்கில்லோட பெர்க் மரத்துக்கு ஒரு டிராகன் ஆன்மா கொடுத்துப் பாயிண்டைத் திரும்ப வாங்கலாம். இல்லன்னா ஸ்கில் 100 ஆனதும் லெஜண்டரி ஆக்கணும். ஸ்கில் 15க்கு இறங்கும், பாயிண்ட் கைக்கு வந்துடும். அதுக்கு ரொம்ப தூரம் இருக்கு, இப்ப ஒரு சேவ் போட்டு வச்சுக்கிட்டு எடுங்க.