நோயாளிக்குத் தீங்கு நேராத கருவிக் கோளாறையும் அறிக்கையிட வேண்டுமா?

கேள்வி (தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்):
மருந்தேற்றும் பம்ப் ஒன்றில் மணிக்கு 5 மி.லி. என்று அமைத்தோம். சற்று நேரத்தில் திரையில் 55 என்றிருந்ததைக் கண்டு உடனே நிறுத்திவிட்டதால் நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. சோதனையில் பம்ப் சரியாக ஓடியதால், கையாண்டவரின் தவறு என்று முடிவு கட்டிவிட்டார்கள். இந்நிலையில் பாதக நிகழ்வாக அறிக்கையிடுவது முறையா, அல்லது வீண்பழியைத் தேடிக்கொள்வதாகுமா?

பதில் 1 (மருத்துவர்):
முறைதான். மருத்துவக் கருவிகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017/745 விதி, மரணத்துக்கோ கடுமையான உடல்நலக் கேட்டுக்கோ வழிவகுத்திருக்கக்கூடிய கோளாறையும் கடும் நிகழ்வாகவே கருதுகிறது. நீங்கள் விழிப்பாக இருந்தது கோளாறை இல்லாததாக்கிவிடாது. ஒருமுறை அழுத்திய விசையை இருமுறை அழுத்தியதாகப் பம்ப் எடுத்துக்கொள்வது அறியப்பட்ட கோளாறுதான். 2005 முதல் 2009 வரை அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வுக்கு மருந்தேற்றும் பம்புகள் குறித்து ஏறத்தாழ 56,000 அறிக்கைகள் வந்தன; அவற்றில் பல கோளாறுகளுக்கு வடிவமைப்புக் குறைகளே காரணம் என்று அந்த அமைப்பு கருதியது. ஆகவே காரணத்தை நீங்களே தீர்மானிக்காமல், கண்டதை மட்டும் எழுதுங்கள்.

பதில் 2 (உயிர்மருத்துவப் பொறியாளர்):
மருத்துவர் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் "பம்ப் பழுது" என்று இரண்டே சொற்களில் வரும் அறிக்கையால் எவருக்கும் பயனில்லை. மாடல், வரிசை எண், மென்பொருள் பதிப்பு, ட்யூபின் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்), ஓடிக்கொண்டிருந்த மருந்து, நிகழ்ந்த நேரம் ஆகியவை இருந்தால்தான் உற்பத்தியாளர் அதே தொகுப்பைச் சேர்ந்த மற்றக் கருவிகளைத் தேட முடியும். பம்ப் தானே சேமித்து வைக்கும் நிகழ்வுப் பதிவை உடனே இறக்கிக்கொள்ளுங்கள். சில பம்புகளில் பழைய பதிவின்மேல் புதியது எழுதப்பட்டுவிடும். ட்யூபையும் குப்பையில் போட்டுவிடாமல், "பயன்படுத்தக் கூடாது" என்ற அட்டையோடு பம்புடனே வையுங்கள். அந்த விசையைப் பலமுறை அழுத்திப் பார்க்காமல் "சரியாக ஓடுகிறது" என்று சொல்வதைச் சோதனை என்று நான் ஏற்கமாட்டேன்.

பதில் 3 (கருவிப் பாதுகாப்புப் பணியில் இருப்பவர்):
ஒரு சிறு எச்சரிக்கை. அறிக்கைகளின் எண்ணிக்கையை வைத்து எந்த மாடல் மோசம் என்று ஒப்பிட இயலாது. மொத்தம் எத்தனை பம்புகள் எவ்வளவு நேரம் ஓடின என்பது அறிக்கைகளில் இருப்பதில்லை, நடந்தவற்றில் பெரும்பகுதி எழுதப்படுவதுமில்லை. அதிக அறிக்கைகள் வரும் மருத்துவமனை, அக்கறையோடு எழுதும் மருத்துவமனையாகவும் இருக்கலாம். விகிதம் அறிய, பயன்பாட்டிலுள்ள கருவிகள் அனைத்தையும் பதியும் பதிவேடுகள் வேண்டும்: 2010இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்ட ஏ.எஸ்.ஆர். என்ற செயற்கை இடுப்பு மூட்டு மறு அறுவைக்கு அதிகம் உள்ளாவதை ஆஸ்திரேலியாவின் மூட்டு மாற்றுப் பதிவேடு முன்னரே காட்டியிருந்தது. பம்புகளுக்கு அத்தகைய பதிவேடு பெரும்பாலும் கிடையாது என்பதால், உங்களுடையதைப் போன்ற அறிக்கைகளைத்தான் நாங்கள் நம்பியிருக்கிறோம்.