நூறு மீட்டர் ஓடிய எங்கள் பி.டி. சார்

பாலக்கோடு பழைய மாணவன்:

எங்கள் சார் கல்லூரி அணிக்காக 100, 200 மீட்டர் ஓடியவர். தொடர் ஓட்டத்தில் கடைசி ஆள். அவர் பள்ளியில் ஓடிய காலத்தில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை, 2004இல்தான் தருமபுரியிலிருந்து பிரிந்தது. அதனால் மாவட்டப் போட்டி என்றால் ஓசூர், ஊத்தங்கரைப் பையன்களையும் தாண்டியாக வேண்டும். எத்தனை மெடல் சார் என்று கேட்டால், "போய் வார்ம் அப் பண்ணுடா" என்பார். அவ்வளவுதான் பதில்.

செம்மண் மைதானம். காலை ஊன்றி உதைத்துக் கிளம்பும் ஸ்டார்ட்டிங் பிளாக் எல்லாம் கண்ணால் பார்த்ததில்லை. பின்னால் ஒருவன் தரையில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்காலையும் நிமிர்த்தி முட்டுக் கொடுப்பான். அதை உதைத்துத்தான் கிளம்ப வேண்டும். கோட்டிலிருந்து முன்கால் இரண்டு பாத நீளம், பின்கால் மூன்று. சாரே குனிந்து எங்கள் பாதத்தை வைத்து அளந்து காட்டுவார். முட்டுக் கொடுத்தவன் பாடுதான் திண்டாட்டம்!

ஆனால் அவருக்கு உயிர் ரிலே என்னும் தொடர் ஓட்டம்தான். அப்போது பேட்டனை, அதாவது கைமாற்றும் கோலை, மாற்றும் பகுதி 20 மீட்டர், அதற்கு முன்னால் வேகமெடுக்க 10 மீட்டர். (2017 கடைசியில் இரண்டையும் சேர்த்து 30 ஆக்கிவிட்டார்கள்.) வாங்குகிறவன் பின்னால் காலடி எண்ணித் தரையில் ஒரு கீறல் போட வைப்பார். வருகிறவன் அந்தக் கீறலை மிதித்ததும் கிளம்பிவிட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. "அவன் தருவான், நீ கையை மட்டும் நீட்டு." சொல்வதற்கு எளிது. முழு வேகத்தில் ஓடிக்கொண்டே கையைப் பின்னால் ஆடாமல் வைக்கப் பழகவே ஒரு பருவம் போனது. எங்களில் யாரும் தனியாகப் பெரிய வேகக்காரன் இல்லை. முதல் படியான குறுவட்டப் போட்டியில் எங்களைவிட வேகமான பள்ளி ஒன்று பேட்டனைத் தவறவிட்டது, நாங்கள் வருவாய் மாவட்டப் போட்டிக்குப் போனோம். அதிர்ஷ்டம் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வது எல்லா ஊரிலும் உண்டு. இவரிடம் மட்டும் அது நடக்காது.

காவேரிப்பட்டணத்துக்காரி:

இவரை நான் ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டராகப் பார்த்திருக்கிறேன். துப்பாக்கி கிடையாது, பலகை தட்டும் கிளாப்பர்தான். ஒரு ஹீட்ஸில், அதாவது தகுதிச் சுற்றில், அவருடைய பள்ளிப் பெண்ணே சத்தத்துக்கு முன் கிளம்பிவிட்டாள். 2010க்கு அப்புறம் முதல் தப்புக்கே வெளியே என்பது விதி. சின்னப் பிள்ளைதானே, இன்னொரு வாய்ப்பு கொடுங்கள் என்று மற்றப் பள்ளி ஆசிரியர்களே கேட்டார்கள். "ஏம்மா, வெளியே வா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஹீட்ஸைக் கூப்பிட்டார். மதியம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதையும் பார்த்தேன்.

அரூர் தம்பி:

எனக்கு அவர் பள்ளி ஆசிரியர் இல்லை. காவலர் தேர்வுக்கு விடியற்காலையில் ஓடப் போன இடத்தில் பழக்கம். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், எனக்கு மூச்சு வாங்கும். காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார், சலித்துக்கொண்டே. "இதெல்லாம் ஓட்டமாடா? நடைக்கு அண்ணன்" என்பார். தேறிவிட்டேன் என்று போய்ச் சொன்னேன். "சரி, தேர்வில் அந்த 100 மீட்டரை எத்தனை செகண்டில் ஓடினே?" என்றுதான் முதலில் கேட்டார்.