கிட்னியை எடுத்த பிறகும் 'கரண்ட்' எதற்கு? சிறுநீர்க்குழாய்ப் புற்றுநோய்: எங்கள் வீட்டு அனுபவங்கள்

பொருநைக்கரையான்

அப்பாவுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை, நம் ஊரில் 'கரண்ட்' என்பது, 25 சிட்டிங்கும் முடிந்து நாலு மாதம் ஆகிறது. நடந்ததை எழுதிவைக்கிறேன். இதே நோய் வந்த வீடுகள் இருந்தால் நீங்களும் எழுதுங்கள்.

அப்பா ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். வயது 66. முப்பது வருடத்துக்கு மேல் பீடி. போன ஆவணியில் சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனது. வலி ஒன்றும் இல்லை. ஊரில் பார்த்தவர் கல்லாக இருக்கும் என்றார். வாழைத்தண்டுச் சாறு குடித்தார், நிறம் தெளிந்தது, கல் கரைந்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதியானோம். தை மாதம் மறுபடி, இந்த முறை கட்டி கட்டியாக ரத்தம். வலியோடு வந்தால் கல்லாக இருக்கலாம், வலியே இல்லாமல் ரத்தம் வந்தால்தான் உடனே ஓடிவர வேண்டும் என்று மதுரையில் சொன்னபோது அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

இடது கிட்னியிலிருந்து நீர்ப்பைக்கு இறங்கும் குழாயின் நடுவில் கட்டி. ஆபரேஷனில் கிட்னி, குழாய் முழுவதும், அது நீர்ப்பையில் சேரும் இடத்தில் வட்டமாக ஒரு துண்டு, எல்லாவற்றையும் எடுத்தார்கள். "நடுக் குழாயில்தானே இருக்கு, கிட்னியை எதுக்கு எடுக்கணும்?" என்று கேட்காத உறவினர் இல்லை. கிட்னியின் உட்பக்கம் தொடங்கி நீர்ப்பை வரை ஒரே உள்தோல்தான் ஓடுகிறதாம். ஓரிடத்தில் முளைத்தது அதே பாதையில் வேறிடத்திலும் முளைக்கலாம்.

பயாப்சி ரிப்போர்ட் வந்த அன்றுதான் வயிற்றைக் கலக்கியது. கட்டி குழாயின் தசையைத் தாண்டிச் சுற்றியுள்ள கொழுப்புக்குள் போயிருந்தது. வெட்டிய ஓரத்திலும் புற்றுநோய்ச் செல்கள். சர்ஜன் ஒளிக்காமல் சொன்னார்: "அந்த இடத்தில் குழாய் பெரிய ரத்தக்குழாயோடு ஒட்டிக் கிடந்தது. முடிந்தவரை பிரித்து எடுத்தேன். எங்கே சந்தேகமோ அங்கே கிளிப் வைத்திருக்கிறேன்." ஏதோ நூல் விட்டுப்போனதற்குச் சாக்குச் சொல்கிறார் என்று அன்று நினைத்தேன். பிறகு கதிர்வீச்சு மருத்துவர் ஸ்கேனில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்த அந்தக் கிளிப்புகளைத் தேடிப்பிடித்து, அவற்றைச் சுற்றித்தான் கோடே போட்டார்.

முதலில் பேசியது கீமோதான். ஆனால் கிரியாட்டினின் (கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் அளவு) 1.1 இருந்தது, ஒரு கிட்னி போனதும் 1.9. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து கிட்னியைப் பதம் பார்க்கும் என்பதால் அது முடியாது என்றார்கள். அதற்குப் பதிலாகக் கார்போபிளாட்டின் ஊசியோடு இன்னொன்று. இரண்டு சுற்றிலேயே பிளேட்லெட் விழுந்தது, நிறுத்தினார்கள். அப்புறம்தான் அந்த ஓரத்துக்குக் 'கரண்ட்'. 25 நாள், மொத்தம் 45 கிரே (கிரே என்பது கதிரின் அளவு). திங்கள் முதல் வெள்ளி வரை, சனி ஞாயிறு விடுமுறை.

அப்பா முதல் நாள் உள்ளே போகும்போது மோதிரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார், ஷாக் அடிக்கும் என்று. பத்து நிமிடத்தில் வெளியே வந்து, "ஒண்ணுமே செய்யலைடா, நம்மை ஏமாத்துறானுவ" என்றார். மூன்றாவது வாரம் அந்தப் பேச்சு நின்றது. குமட்டல், ஒரு நாளைக்கு ஆறேழு முறை வயிற்றுப்போக்கு, சாப்பிட்ட தட்டிலேயே தூங்கிவிடும் அளவுக்குச் சோர்வு. சிட்டிங்குக்கு அரை மணி முன்னால் ஒரு ஆன்டன்செட்ரான் மாத்திரை போட்ட பிறகு குமட்டல் அடங்கியது. கீரை, பால், பயறு எல்லாம் நிறுத்தி, கூவைமாவுக் கஞ்சியும் மோர் சாதமும்.

பார்க்க வந்த அத்தனை பேரும் இளநீரோடு வந்தார்கள். ஒற்றைக் கிட்னி, அதுவும் தள்ளாடுகிறது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி 5.6. இளநீரிலோ பொட்டாசியம் அதிகம். ஒரு வாரம் வாசலிலேயே இளநீரை வாங்கி எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

கோவை மகள்

அண்ணா, எங்கள் அம்மாவுக்கும் இதே நோய்தான், வலது கிட்னியின் உட்குழிவில். அம்மாவுக்குக் கதிர்வீச்சு தரவில்லை. நாங்கள் கேட்டும் தரவில்லை.

ரிப்போர்ட்டில் ஓரம் சுத்தமாக இருந்தது. கிரியாட்டினின் 1.0. அதனால் நாலு சுற்று கீமோ, சிஸ்பிளாட்டினும் ஜெம்சிட்டபினும். "கரண்டும் சேர்த்து வைத்தால் இன்னும் நல்லதில்லையா டாக்டர்?" என்று என் கணவர் இரண்டு முறை கேட்டார். அதற்கு மருத்துவர் ஒரு கணக்குச் சொன்னார். பிரிட்டனில் 261 பேரை வைத்து நடந்த பௌட் என்ற ஆய்வு, முடிவு 2020-இல் வெளியானது. ஆபரேஷனுக்குப் பின் 90 நாளுக்குள் கீமோ தொடங்கியவர்களில் மூன்று வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 71 சதவீதம். வெறுமனே கண்காணிப்பில் இருந்தவர்களில் 46. "கதிர்வீச்சுக்கு இப்படி ஒரு பெரிய சோதனை கையில் இல்லை. பழைய கோப்புகளைப் புரட்டிப் பார்த்த ஆய்வுகள்தான். அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதும் இல்லை. ஓரத்தில் மிச்சம் இருந்தால் பேசலாம், எல்லோருக்கும் அல்ல" என்றார்.

அன்று எனக்கு அது கைகழுவல் மாதிரி இருந்தது. உங்கள் அப்பா கதையைப் படித்த பிறகுதான் ஏன் அவருக்கு, ஏன் அம்மாவுக்கு இல்லை என்று புரிகிறது.

மெஷின் ரூம்

கதிர் கொடுக்கும் மெஷின், அதாவது லீனியர் ஆக்ஸிலரேட்டர், ஓட்டுகிறவன் நான். 14 வருட சர்வீஸ். மருத்துவர் இல்லை, அதனால் யாருக்கு வைக்கலாம் என்று சொல்ல மாட்டேன். உள்ளே என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

கிட்னியை எடுத்த இடம் காலியாக இருக்காது. குடல் சரிந்து அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். நாம் கதிர் கொடுக்க நினைக்கும் இடமும் அதுதான். குடலோ அதிகம் தாங்காது. இந்த நோய்க்கு மேல்வயிற்றில் பட்டும் படாமல் கொடுக்க வேண்டியிருப்பதற்குக் காரணம் அதுதான். வலது பக்கமானால் கல்லீரலும் சேரும். எல்லாவற்றுக்கும் மேல், மிச்சமிருக்கும் ஒற்றைக் கிட்னி. பிளான் திரைக்கு வந்ததும் கதிர் அளவைக் கணக்குப் போடும் எங்கள் பிசிசிஸ்ட் முதலில் பார்ப்பது கட்டியிருந்த இடத்தை அல்ல, அந்தக் கிட்னிக்கு எவ்வளவு போகிறது என்பதைத்தான்.

பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் படுக்க வைத்துச் சரிபார்ப்பது. கதிர் வருவது ஓரிரு நிமிடம்தான். தோலில் போடும் மைக்கோடு எங்களுக்கு உயிர். வெயில் காலத்தில் வியர்வையில் அழிந்துவிடும். தயவுசெய்து வீட்டில் நீங்களே பேனாவால் வரைந்துகொண்டு வராதீர்கள். ஒருவர் மனைவி ஸ்கெட்ச் பேனாவால் அழகாக வரைந்து அனுப்பினார், ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி. அன்று மறுபடி ஸ்கேன்.

பேரப்பிள்ளையைத் தூக்கலாமா என்று தினமும் கேட்கிறார்கள். தூக்கலாம். வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் உடம்பில் தங்காது, மெஷினை அணைத்தால் அதோடு சரி.

ஒற்றைக்கிட்னி

நானே நோயாளி. வயது 58. எனக்குக் குழாயின் அடிப்பகுதியில், நீர்ப்பைக்குப் பக்கத்தில். ஓரத்தில் செல் இருந்ததால் எனக்கும் வைத்தார்கள்.

கீழ்ப்பகுதி என்பதால் நீர்ப்பையை நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார்கள். நிரம்பிய நீர்ப்பை குடலை மேலே தள்ளிவிடுமாம். அரை லிட்டர் குடித்து முக்கால் மணி நேரம் அடக்க வேண்டும். பதினோராவது நாள் எனக்கு முன்னால் இருந்தவரோடு மெஷின் மக்கர் செய்தது. வராந்தாவில் என்னைப் போல் நாலு பேர், தொடையை இறுக்கிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். கடைசியில் ஒரு பெரியவர் எழுந்து, "சிகிச்சை நாளைக்கு, மானம் இன்னைக்கு" என்று சொல்லிவிட்டு ஓடினார். மற்ற மூவரும் பின்னாலேயே.

ஒன்று மட்டும் யாரும் எனக்கு அழுத்திச் சொல்லவில்லை. கரண்ட் முடிந்தால் கணக்கு முடிந்தது என்று நினைத்திருந்தேன். மூன்றாவது மாதம் நீர்ப்பைக்குள் குழாய்க்கேமரா விட்டபோது பட்டாணி அளவு புதிதாக ஒன்று. இந்த நோயில் ஆபரேஷன் ஆனவர்களில் நாலில் ஒருவருக்கும் மேல் நீர்ப்பையில் திரும்ப வருகிறதாம். கேமரா வழியாகவே சுரண்டி எடுத்து, நீர்ப்பைக்குள் மருந்து விட்டார்கள். இப்போது சுத்தம். கரண்ட் அந்த ஓரத்துக்கு வைத்த காவல், நீர்ப்பைக்கு அல்ல. கேமரா தேதியைத் தவறவிடாதீர்கள்.

ரயிலில் போகிறவர்களுக்கு: மருத்துவமனையில் ரயில்வே படிவத்தில் கையெழுத்து வாங்கினால், சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பில் கட்டணம் இல்லை. உடன் வருபவருக்கும் சலுகை உண்டு. எனக்கே பதினைந்தாவது சிட்டிங்கில்தான் தெரிந்தது.

வேம்பு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பெரியப்பாவுக்கு இதே ஆபரேஷன் ஆன பிறகு, கரண்ட் வேண்டாம், மூலிகையில் சரியாகிவிடும் என்று ஒருவர் பொடி கொண்டுவந்தார். அதில் ஆடுதீண்டாப்பாளை இருந்தது. அந்த இனத்துச் செடிகளில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம்தான் கிட்னியையும் கெடுத்து, இதே குழாயில் புற்றுநோயையும் உண்டாக்குகிறது. தைவானில் இந்த நோய் அதிகம். அங்கே அப்படிப்பட்ட மூலிகைகளை 2003-இல் தடைசெய்தார்கள். ஈஸ்வரமூலியும் அதே இனம். சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டில் நிலவேம்பு இல்லாத நாள் கிடையாது. ஆனால் இந்த நோயாளிக்கு இந்தச் செடி கூடவே கூடாது.

பொருநைக்கரையான்

வேம்பு, நல்லவேளை சொன்னீர்கள். எங்கள் வீட்டிலும் ஒரு பொட்டலம் இருக்கிறது, கொழுந்தியாள் வீட்டிலிருந்து வந்தது. பெயர் எழுதவில்லை. அம்மா கொடுத்தாளா என்று கேட்டதற்கு, "கசப்புன்னு அவரே துப்பிட்டாரு" என்றாள். இன்று குப்பைக்குப் போயிற்று.

ஒற்றைக்கிட்னி ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். அப்பாவுக்கு முதல் கேமரா நடந்திருக்கிறது, அடுத்தது போன வாரமே முடிந்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததால் நாங்கள் யாருமே பார்க்கவில்லை. வருகிற புதன்கிழமைக்கு வாங்கியிருக்கிறேன்.

மெஷின் ரூம் சாருக்கு ஒரு கேள்வி. கோட்டுக்குப் பயந்து இத்தனை மாதமாக அப்பா சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட்டிருக்கிறார். கோடு அழிந்தே நாலு மாதம் ஆகிறது, தோல் மட்டும் அந்த இடத்தில் கொஞ்சம் கறுத்திருக்கிறது. இனித் தேய்க்கலாமா?

மெஷின் ரூம்

புண், உரிதல் இல்லையென்றால் தேய்க்கலாம் சார், எதற்கும் புதன்கிழமை போகும்போது டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சீயக்காயை அந்த இடத்தில் அழுத்தித் தேய்க்க வேண்டாம்.