3 அடி உப்புநீர்த் தொட்டி: புது மீன் எதை, எந்த வரிசையில் விடுவது?

பவளமேடை:
தொட்டி 90×45×45 செ.மீ., கீழே சம்ப் (வடிகட்டும் துணைத் தொட்டி) இருக்கிறது. சலினிட்டி (உப்பின் அளவு, ஒப்படர்த்தியில்) 1.025, வெப்பம் 26 டிகிரி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். இப்போதைக்கு ஒசெல்லாரிஸ் கிளவுன் ஜோடி, ஒரு சிக்ஸ்லைன் ராஸ். ஃபயர்ஃபிஷ் இரண்டு, ராயல் கிராமா ஒன்று, சின்ன நீல டாங் ஒன்று, எல்லாவற்றையும் ஒரே தடவையில் விடலாமா? கடையில் ஒத்துப்போகும் என்கிறார்கள்.

உப்பங்கழி:
டாங் வேண்டாம். கடையில் 5 செ.மீ. இருப்பது 25 செ.மீ. வரை வளரும், 6 அடி நீளமாவது வேண்டும். வெண்புள்ளி நோய் முதலில் தொற்றுவதும் பெரும்பாலும் அதற்குத்தான்.

உண்மையான தலைவலி சிக்ஸ்லைன். தனக்குப் பின்னால் வரும் சின்ன மீனை விரட்டும். கடைசியாக விட வேண்டிய மீன் அது. ஃபயர்ஃபிஷ் பயந்தாங்கொள்ளி. விரட்டினால் மூலையில் ஒடுங்கிப் பட்டினி கிடக்கும், இல்லையென்றால் வெளியே குதிக்கும். முதலில் சிக்ஸ்லைனைப் பிடித்துக் கடையில் திருப்பிக் கொடுங்கள். வலையில் சிக்காது. பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே இறால் துண்டு போட்டு வையுங்கள்.

ஃபயர்ஃபிஷ் ஒன்று போதும். ஜோடி சேராத இரண்டில் ஒன்று மற்றதைத் தீர்த்துவிடும். மேலே 6 மி.மீ. கண்ணி வலை கட்டாயம், வயர் போகும் இடைவெளியையும் அடைத்துவிடுங்கள். ஃபயர்ஃபிஷ் நன்றாகத் தின்ன ஆரம்பித்து இரண்டு மூன்று வாரம் கழித்து கிராமா. கிராமா தன் பொந்தருகே வாயைப் பிளந்து மிரட்டும், பெரும்பாலும் வெறும் மிரட்டல்தான்.

நீலக்கரை:
புது மீனை முதலில் தனியே வைத்து நோய் நீக்கும் தனித்தொட்டியைப் பற்றி யாரும் பேசவில்லையே! 40 லிட்டர் போதும். சில வாரம் சம்பில் ஊறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஒளிய பிவிசி குழாய்த் துண்டுகள். மணலும் பாறையும் வேண்டாம், வெண்புள்ளி ஒட்டுண்ணியைக் கொல்லப் போடும் செம்பு மருந்தை உறிஞ்சிவிடும். கீலேட் செய்த (வேறு சேர்மத்தோடு பிணைத்த) செம்பு என்றால் 2.25 முதல் 2.5 பிபிஎம், 30 நாள். அளவு குறைந்தால் ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்ளும், ஆகவே டிஜிட்டல் மீட்டரில் அளந்து பாருங்கள். செம்பு பட்ட ஸ்பாஞ்சை மறுபடி சம்பில் போடாதீர்கள். இறால், நத்தை, பவளம் எல்லாம் செத்துப்போய்விடும். இதற்குச் சோம்பினால், வெண்புள்ளி வந்தபின் மெயின் தொட்டியை 76 நாள் மீனே இல்லாமல் போட வேண்டும்.

பவளமேடை:
கூரியரில் வரும் மீனை இரண்டு மணி நேரம் டிரிப் போட்டு (பைத் தண்ணீரில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து)த்தானே விட வேண்டும்?

நீலக்கரை:
கூடாது. பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறும். பையில் சேர்ந்திருக்கும் அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறும். விற்பவரிடம் சலினிட்டியை முன்பே கேட்டு, தனித்தொட்டியை அதே அளவில் வையுங்கள். பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, திறந்து, மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பிறகு சலினிட்டியை ஒரு நாளைக்கு 0.001, 0.002 என்று மெயின் தொட்டியின் அளவுக்கு ஏற்றுங்கள்.

உப்பங்கழி:
மெயின் தொட்டிக்கு மாற்றும்போது துளை போட்ட அக்ரிலிக் பெட்டியில் மூன்று நாலு நாள் வையுங்கள். கிளவுன் ஜோடி பெட்டியை முட்டுவதை நிறுத்தியதும், விளக்கு அணைந்த பிறகு திறந்துவிடுங்கள்.