டி. எஸ். சேனாநாயக்க: கல்லோயாவையும் குடியுரிமைச் சட்டத்தையும் ஒரே கட்டுரையில் எழுதுவது எப்படி?

கல்லடி:
ஏ.எல். அரசியல் விஞ்ஞானத்துக்கு முதல் பிரதமரைப் பற்றி எழுத வேணும். குறிப்புகளில 1948 சுதந்திரம், கல்லோயா நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டம், குதிரையால விழுந்து மரணம் என்றதோட முடியுது. நம்ம மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அவர் செய்தது எது, அவருக்குப் பிறகு நடந்தது எது?

படுவான்கரை:
தம்பி, 1931 இல இருந்து தொடங்குங்க. சுதந்திரத்துக்கு முந்தின டொனமூர் யாப்பின் ஆட்சியில விவசாய, காணி அமைச்சரான வருசம் அது. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அவர் கொண்டுவந்தது. அரச காணி பெர்மிட்டில கிடைக்கும், நினைச்சபடி விற்க ஏலாது. இண்டைக்கும் சனம் ‘எல்.டி.ஓ. பெர்மிட்’ என்று சொல்லுறது அதைத்தான்.

கல்லோயா அபிவிருத்திச் சபை 1949 இல வந்தது. பட்டிப்பளை ஆற்றை (கல்லோயாவின் தமிழ்ப் பெயர்) இங்கினியாகலவில மறித்துக் கட்டினது மொரிசன் நூட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. அவர் இறந்தது 1952 மார்ச் 22. கல்லோயாவில தமிழருக்கு எதிரா நடந்த 1956 ஜூன் கலவரமும் 1961 இல அம்பாறை தனி மாவட்டமானதும் அதுக்குப் பிறகு. ரெண்டையும் அவர் செய்ததாக எழுதாம, திட்டத்தின் விளைவு என்று எழுதுங்க.

சம்மாந்துறை:
கல்லோயாவுக்கு முதல் இங்க வெறுங்காடு என்று எழுதிடாதீங்க. கீழ்ப்பக்கம் போடிமாரும் (பெரிய வயல்காரர்) வட்டவிதானைமாரும் (நீர்ப் பங்கீட்டைப் பார்க்கிறவர்) முறை வைத்து நீர் பாய்ச்சின வட்டைகள் (வயல்வெளிகள்) எத்தனையோ இருந்தன. அணையால உருவான சேனாநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கம் வெள்ளத்தை அடக்கினது, மழையை நம்பாம வேளாண்மை செய்ய வழி விட்டது, அது உண்மை. ஆனா இடதுகரை வாய்க்காலின் தலைப்பில பெரும்பாலும் சிங்களக் குடியேற்றம், கடைசியில தமிழ் வயல்கள். தலைப்பில கூட எடுத்தால் கடைசிக்குத் தண்ணி வராது. இனப்பிரச்சினை வாய்க்காலுக்குள்ளேயே இருந்தது என்று விளங்க இதை விட நல்ல உதாரணம் கிடையாது.

ஏறாவூர்:
கல்லோயாவையும் குடியுரிமைச் சட்டத்தையும் கோர்க்கிற நூல், சுதந்திரக் காலத்து சோல்பரி யாப்பின் தொகுதிக் கணக்கு. ஒரு மாகாணத்துக்கு 75,000 பேருக்கு ஒரு ஆசனம், 1,000 சதுர மைலுக்கு இன்னொன்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தில குடியுரிமை பெறத் தகப்பன் இலங்கையில பிறந்திருக்க வேணும், அல்லது பாட்டனும் பூட்டனும். பிறப்புப் பதிவு இல்லாத இந்திய வம்சாவளித் தோட்டக் குடும்பம் அதை எப்படி நிறுவும்? அடுத்த வருசம் வாக்குரிமையும் போனது. ஆனா ஆசனம் எண்ணும்போது அந்தச் சனமும் சேர்த்தி, அதனால மலைநாட்டில மிச்ச வாக்காளரின் வாக்குக்குப் பலம் கூடினது. கிழக்கில வாக்குப் பலத்தை அதே மாதிரி மாற்றினது சிங்களக் குடியேற்றம்: 1960 மார்ச் தேர்தலில அம்பாறை தனியொரு தேர்தல் தொகுதியானது.

கடைசியா ஒண்டு. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948 சட்டத்தை எதிர்த்தவர். பிறகு அமைச்சராகி, 1949 இல வந்த இந்திய, பாகிஸ்தானியர் (குடியுரிமை) சட்டத்தைத்தான் ஆதரித்தார். செல்வநாயகம் அவருடைய கட்சியில இருந்து பிரிந்து அதே வருச டிசம்பரில தமிழரசுக் கட்சி தொடங்கினார். ரெண்டு சட்டத்தையும் ஒண்டாக்கி எழுதினால் இந்தப் பிரிவு விளங்காது.